மறுபடி ஒரு அழுகை

ஒரு தடவை வந்த கண்ணீரை மறுபடி எங்கே போய்த் தேடுவது என்று பரிமாறும் லொரெட்டா நினைத்துக்கொள்கிறாள். அமெரிக்காவின் டல்சா நகரத்து உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயில், மேசையில் சிந்திய பான்கேக் பாகின்மேல் விழுந்து மினுங்குகிறது. சற்று முன்புதான், தேவாலயத்திலிருந்து நேரே சாப்பிட வந்த இந்தக் கூட்டம் பில் வைத்துத் தரும் மடிப்பு அட்டைக்குள் அவளுக்கு டிப்பாக ஐநூறு டாலர் வைத்தது. பல் சீழ்பிடித்து, கன்னம் வீங்கி, வைத்தியத்துக்குப் பணமில்லாமல் வீட்டில் சுருண்டு கிடக்கும் மகளைப் பற்றிச் சொல்லி அவள் நின்ற இடத்திலேயே உடைந்து அழுதாள். ஆனால் அவர்கள் ஃபோனில் அது பதிவாகவில்லை. அதனால் கூட்டத்தில் முத்துமாலை போட்ட மெர்னா, லொரெட்டாவின் ஏப்ரன் பையிலிருந்து தாள்களைத் தானே உருவி, அட்டைக்குள் திரும்ப வைத்து மூடியிருக்கிறாள். “முதல்லேருந்து வருவோம், கண்ணு. ஒண்ணும் தெரியாத மாதிரி திற. அப்புறம் அந்தப் பல்லு விஷயத்தச் சொல்லு. சபையில எல்லாரும் பாக்கணும்ல?” மெர்னாவின் கணவர் ஃபோனை உயர்த்துகிறார். “வாயப் பொத்திக்கிட்டு அழுதியே, அதே மாதிரி. ஐநூறு டாலருக்கு ரெண்டு சொட்டு கூடவா வராது?” மேசை குலுங்கச் சிரிக்கிறார்கள். யாரோ முள்கரண்டியால் தட்டைத் தட்டி உற்சாகப்படுத்துகிறார்கள். ஃபோனில் சிவப்புப் புள்ளி எரிகிறது. மகளின் கன்னம் லொரெட்டாவின் கண்முன் வருகிறது, வரப்போகும் கண்ணீரை இமைக்காமல் அடக்கிக்கொள்கிறாள். பிறகு அட்டையைத் திறக்காமலே, பணத்தோடு, மெர்னாவின் பக்கம் மெல்ல நகர்த்திவைக்கிறாள். “காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, மேடம்?”