முறுக்கு வேண்டாம்

அன்று கல்லடி வீட்டில் இருந்தவர்கள் வீட்டுக்காரர் சீனித்தம்பி, மனைவி அன்னப்பூரணி, மகள் விதுர்ஷா, அவளைப் பெண் பார்க்க வந்த உதயரூபன், அவருடைய தாய் யோகம்மா ஆகியோர்.

“முறுக்கு வேணாம் அன்னம், வாழைப்பழம் வைப்பம்” என்று சமையலறையில் மறுபடியும் சொன்னார் சீனித்தம்பி.

“முறுக்கு வைக்காட்டி நம்மட மானம் என்னத்துக்கு ஆகும்? காரணத்தச் சொல்லுங்க.”

காரணம் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் தகப்பன் காலத்திலிருந்து காத்த தொழில் தர்மம் போகும். சொல்லாவிட்டால் இந்தச் சம்பந்தமே போகும். அவர் விழுங்கிக்கொண்டார்.

தட்டு வந்தது. உதயரூபன் புன்னகையோடு ஒரு முறுக்கைக் கடித்தார். கையை எடுத்தபோது முறுக்கோடு முன்பல் நான்கும் வந்துவிட்டன.

“இஞ்சேருங்க! இவ்வளவு காலமாப் பல்லுக் கட்டுற மனிசனுக்குப் பொய்ப்பல் தெரியல்லையா?” என்று சீறினாள் அன்னப்பூரணி.

மாப்பிள்ளை சீனித்தம்பியைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார்: “ஐயா, முறுக்கும் கடிக்கலாம் எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

“ஓ, அப்ப உங்களுக்கு முன்னமே தெரியுமோ! பெத்த மகளை விடத் தொழில் பெரிசோ?” என்று கணவரிடம் பாய்ந்தாள் அன்னப்பூரணி.

“என்னட்ட வந்தவர்ட வாய்க்குள்ள இருக்கிறத என்ட வாய் சொல்லாது!”

விதுர்ஷா விழுந்து விழுந்து சிரித்தாள். “விடுங்கம்மா. நான் பல்லையா கட்டப் போறன்? எனக்குச் சம்மதம்.”

சீனித்தம்பி கட்டிய பல் கழன்று விழுந்தது என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். பல் விழவில்லை. முறுக்கைக் கடித்தபடியேதான் இருந்தது.