மதகு என்ற பைப்

அணையின் கம்ப்யூட்டரில் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ள ‘பைப்’ என்னும் ஒரு வழியை அமைத்து, அதற்கு ‘மதகு’ என்று பெயர் வைத்திருந்தாள் எழில்மதி. இந்த முனையில் அவளுடைய புரோகிராம் கட்டளையைப் போடும். மறுமுனையில் சர்வர் என்ற புரோகிராம் அதை எடுத்து அணையின் ஷட்டரை இயக்கும். சர்வர் ஓடாத நேரத்தில் போட்ட கட்டளை அழியாது; சர்வர் வரும்வரை பைப்பின் வாசலிலேயே காத்து நிற்கும். காலையில் சர்வர் நிறுத்தப்பட்டிருந்தபோது, என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று ‘திற’ என அனுப்பினாள். பதில் வரவில்லை. கட்டளையை ரத்து செய்யாமல், மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

மதியம் அணைக்குக் கீழே புங்கமர நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஆற்றில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாய் வைக்கும்போது, வாசலில் இன்னும் காத்து நிற்கும் அந்தத் ‘திற’ நினைவுக்கு வந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த செல்வினை போனில் பிடித்தாள்.

“செல்வின், சர்வரை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க!”

“இப்பதான் மேடம் பண்ணேன். ஏறிக்கிட்டு இருக்கு.”

“நிறுத்துங்க! கரண்டையே புடுங்குங்க!”

“ஏன் மேடம், என்னாச்சு?”

போனைப் பிடித்தபடியே ஆற்றை நோக்கி ஓடினாள். “கரைக்கு ஏறுங்க! ஏறுங்க!”

துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி தலை நிமிர்ந்தாள். அவள் எழில்மதியைப் பார்க்கவில்லை. எழில்மதிக்குப் பின்னால், அணையைப் பார்த்தாள்.