உறைக்கு ஒரு துளி

என் இதயத்துக்கு மருந்தான நியூக்ளியோடைடுகளை மிக்சிக்குப் பக்கத்தில் இருக்கும் இயந்திரம் தினமும் தயாரிக்கிறது. அதற்கான நொதிக் குப்பி ஃப்ரிட்ஜில், தயிருக்கு அருகில். ஒரு நாள் மருந்து தவறினாலும் இதயம் லீவு போட்டுவிடும்.

எதிர்வீட்டு மெஹருன்னிசா அக்கா கிண்ணத்தோடு வந்தார். அவர் மகளுக்கும் இதே நோய். கடைகளில் நொதி வந்து நாளாகிவிட்டது.

"கொஞ்சம் உறைக்குக் குடுங்கக்கா."

அம்மா நொதிக் குப்பியை எடுத்துப் பாதிக்கு மேல் ஊற்றிக் கொடுத்தாள்.

"அம்மா, அது தயிரில்ல. வளராது."

"தெரியும்டா. பிள்ளைக்குன்னு வந்து நிக்கிறா. எப்படி இல்லேங்கறது?"

இன்று கடைசி மருந்தும் முடிந்தது. குப்பியின் அடியில் ஒரு துளியை மிச்சம் வைத்த அம்மா, அதில் வெதுவெதுப்பான பாலை ஊற்றி அடுப்பருகே மூடி வைத்தாள். அடிக்கடி திறந்து பார்க்கிறாள்.

"இன்னும் உறையலடா. கொஞ்சம் பொறு."

"அவசரமில்லம்மா" என்றேன்.