பம்ப் போச்சு

செல்ஃப் மறுபடியும் இழுத்தது. தூக்கத்தில் உதைபட்ட கிழ எருமை மாதிரி ஒரு முனகல். அவ்வளவுதான்.

ஜீப் கிளம்பவில்லை.

வாசற்படியில் நின்ற வீட்டுக்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வண்டிக்குத் தெருவைவிட வயது அதிகம். காலையில் அது விடுகிற முதல் புகைக்கு அடுத்த தெருக்காரர்கள் விடியவில்லை என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

அதில் ஏறி மலை உச்சிக்குப் போவதென்று மூன்று கிழவர்கள் ஆறு மாதமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். ஓட்டுவதற்கு அவள் வீட்டுக்காரர். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல அவள் தம்பி. பின்னால் உட்கார்ந்து குறை சொல்ல கேப்டன். கேப்டன் கப்பலைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. எந்த வேலையையும் தள்ளி நின்றே நடத்துவதால் ஊர் கொடுத்த பட்டம் அது.

மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது.

வீட்டுக்காரரோ, போன வாரம் பட்டப்பகலில் நடைபாதைமேல் வண்டியை ஏற்றிவிட்டு நடைபாதையைத் திட்டிக்கொண்டு வந்தவர்.

கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "பறக்கிற ஈ ஆணா பொண்ணான்னு சொல்லுவேன், புடிச்சிட்டு வா!" என்றார். தம்பி ஓட்டட்டுமே என்றாள். அதற்கு அவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

ஆக, இந்த எஞ்சினை விட்டால் அவளுக்கு வேறு துணையில்லை. அதுவும் இன்றைக்குப் பார்த்து அவள் பக்கம் சேர்ந்துவிட்டது.

"எஞ்சின் ஹீட்டர் சூடாகல" என்றார் கேப்டன், கேட்டுக்கு வெளியே நின்றபடி.

"டீசல் குழாய்ல ஏர் புடிச்சிருக்கு" என்றான் தம்பி. பானெட்டுக்குள் இடுப்புவரை போய்விட்டதால் பேண்ட்தான் பேசுவது போலிருந்தது.

நட்டைத் தளர்த்தினான். கைப்பம்பை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். நுரையாக வந்த டீசல் தெளிந்து, அவன் சட்டையில் பாதியை நனைத்தது. மறுபடி நட்டை இறுக்கி, "செல்ஃப் அடிங்க மாமா!" என்று கத்தினான்.

வீட்டுக்காரர் அடித்தார். எருமை முனகியது.

"பம்ப் வரைக்கும் டீசல் வருது. அதத் தாண்டி ஒரு சொட்டு வரலியே!"

"பம்ப் போச்சு" என்று தெருவிலிருந்து தீர்ப்புச் சொன்னார் கேப்டன். மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். ஒரு மலையை ஏறப் புறப்பட்ட மகாவீரர்களைப் பார், ஒரு வாசலைத் தாண்ட முடியவில்லை என்று அவள் உள்ளுக்குள் கொண்டாடினாள்.

"போகட்டும் எழவு!" என்று இறங்கினார் வீட்டுக்காரர். "எஞ்சினா இது? ஈயம் பூசுன அடுப்பு. காயலான் கடைக்காரன் சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டான்."

வேறொரு நாளில் யாராவது இதில் பாதி சொல்லியிருந்தால், அவர்களுக்கு இந்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது.

பயணம் முடிந்தது என்ற தெம்பில், முன்சீட்டில் வைத்திருந்த சாப்பாட்டுக் கேரியரை எடுக்க அவள் ஜீப்பில் ஏறினாள். ஓட்டுநர் பக்கமாகத்தான் ஏற முடியும். மற்றக் கதவைத் திறந்தால் கையோடு வந்துவிடும்.

சீட்டில் உட்கார்ந்ததும் முழங்காலில் ஏதோ இடித்தது.

ஸ்டாப் குமிழ். வெளியே இழுத்தபடி இருந்தது.

இந்த வண்டி சாவியைத் திருப்பினால் நிற்காது. அந்தக் குமிழை இழுத்தால் டீசல் அடைபடும், எஞ்சின் நிற்கும். திரும்ப உள்ளே தள்ளாதவரை, எந்தக் கொம்பன் வந்து அடித்தாலும் கிளம்பாது. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வீட்டுக்காரர் எடுக்கிற முதல் பாடமே அதுதான். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது.

தள்ள மறந்துவிட்டார்! மகாமேதை மறந்துவிட்டார்!

நாற்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததில்லை. மலைகூட மறந்துபோயிற்று. மூன்று பேரையும் ஒரே மூச்சில் சந்தி சிரிக்க வைக்க வாயைத் திறந்தாள்.

திறந்த பானெட்டின் ஓரத்தில் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. அவள் முழங்கால் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகத்தை. வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக ஆட்டினார்.

இது மறதியில்லை. அவள் திறந்த வாயை மூடினாள்.

"எறங்குக்கா" என்று கையைத் துடைத்தபடி தம்பி வந்தான். "மாமா பம்பைப் பாக்கட்டும். நான் ஒரு தடவ அடிச்சுப் பாக்கறேன்."

அவள் கேரியரை இழுத்து மடியில் நிறுத்தினாள். குமிழ் அதன் பின்னால் போய்விட்டது.

"கிழிச்ச! அடிச்சு அடிச்சு பேட்டரியும் சாகட்டுமா? இந்தத் தகர டப்பாவக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறாங்களாம், மலைக்கு! குப்பை மேட்டுக்குக்கூட இது தானாப் போகாது. போய்க் கையக் கழுவுங்கடா, சாப்பாடு ஆறுது!"

"ஏய்! யாரு வண்டியத் தகர டப்பாங்கற? பல்லப் பேத்துருவேன்!" என்று பானெட்டின் ஓரத்திலிருந்து கர்ஜித்தார் வீட்டுக்காரர்.

"நூறு தடவ சொல்லுவேன்!" என்று அவளும் கத்தினாள், மடியிலிருந்த கேரியரை இம்மிகூட நகர்த்தாமல்.