மேயர் நாற்காலி

சென்னை மாநகராட்சியின் பழைய மாளிகையில், மேயர் நாற்காலிக்கு முன்னால் அமிர்தம் நிற்கிறாள். உயரமான ஜன்னல் வழியாக விழும் வெயிலில் அதன் சிவப்பு மெத்தை பளபளக்கிறது. ரிஷிவந்தியம் பக்கத்தில் ஓர் ஊராட்சிக்குத் தலைவி அவள். இங்கே சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருத்தி. அவளை அறியாமலே கை நீண்டு நாற்காலியின் கைப்பிடியைத் தடவுகிறது. தேக்கு வழவழவென்று குளிர்கிறது. "தொடக் கூடாதும்மா, பாக்க மட்டுந்தான்" என்கிறார் காவலாளி. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். கண் மட்டும் அங்கேயே கிடக்கிறது. செல்போனில் தன்னையே படமெடுத்துக்கொண்டிருந்த கணவர் திரும்பிச் சிரிக்கிறார். "இன்னா அமிர்தம், சேரையே பாத்துக்கினு நிக்கற?"

"நம்மூரு ஆபீசுல என் சேர்ல நீங்க குந்திக்கினு இருக்கீங்க. அங்கயும் நான் பாத்துக்கினுதாங்க நிக்கறேன்."