பிழைக்கு ஒரு கேக்

பிர்ச் மர நாற்றுகள் வளரும் கண்ணாடி அறையின் ரப்பர் கதவு மூடும்போது 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கும். எத்தனையோ வருடமாயிற்று, போடிலின் காதை விட்டு அது போகவில்லை.

அன்று கோபன்ஹேகன் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் காபிக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"பிர்ச் அறைக்குள்ள யாரோ போறாங்க," என்றாள் தலைவி போடில். "காத்துல கரியமில வாயு ஏறுது. இலைத் துளையெல்லாம் மூடிக்குது. மனுஷ மூச்சே போதும்னு தெரியாதவங்களா நீங்க?"

"தினமும் சாயங்காலம்தான் ஏறுது." சிக்னேவின் குரல் உடைந்தது. அவளுடைய ஆராய்ச்சிப் பட்டமே அந்த நாற்றுகளை நம்பி இருந்தது.

"சாயங்காலம் இங்க இருக்கிறது நீதானே, அஸ்கர்? சாவியும் உன்கிட்ட இருக்கு," என்றாள் போடில்.

அஸ்கர் கோப்பையைக் கீழே வைத்தான். போடிலை ஒரு கணம் பார்த்தான்.

"நான்தான். உள்ள கதகதப்பா இருந்துச்சு. உட்கார்ந்துட்டேன்."

"பிர்ச்சுக்குத் தாலாட்டுப் பாடினியாக்கும்!" என்றது ஒரு குரல். "சரி, கேக் எங்கே?"

தப்பு செய்தவர் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். தின்று முடித்தபின் அந்தத் தப்பை யாரும் பேசக்கூடாது. அங்கே அதுதான் வழக்கம்.

மறுநாள் ஆப்பிள் கேக் வந்தது. சிக்னேவுக்குப் புது நாற்று வளர்த்துத் தருவதாகவும் அஸ்கர் சொன்னான். போடில் இரண்டு துண்டு தின்றாள். தின்றுவிட்டுத் தன் அறைக்குப் போய், அவனுடைய நிரந்தர வேலையை முடிவு செய்யும் குழுவுக்கு ஃபோன் செய்தாள்.

"நம்பக்கூடிய ஆள் இல்லை. வேண்டாம்."

ஃபோனை வைத்த சற்று நேரத்தில் அஸ்கர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான்.

"போடில், மூணாவது அறையில ஒரு நாற்காலி போட்டிருக்கேன். அங்கயும் பிர்ச் இருக்கு, ஆனா அளவெடுக்கிறதில்ல." குரலைத் தாழ்த்தினான். "பவுல் போனதிலேர்ந்து நீங்க தினமும் உள்ள போய்... யாருக்கும் தெரியாது. இனிமே அங்க உட்கார்ந்து அழுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

பவுல் இறந்துபோன அவள் கணவன். கொஞ்ச நேரம்தானே, கதவோரமாகத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் தினமும் அந்தக் கதவைத் திறந்திருந்தாள்.

அஸ்கர் போன பிறகு, குழுவை மறுபடி அழைக்க ஃபோனைக் கையில் எடுத்தாள். என்ன காரணம் சொல்வது? மெல்ல வைத்துவிட்டாள்.

அஸ்கர் இப்போது ஓல்போர்க் நகரில் பஸ் ஓட்டுகிறான்.