லேசர் ஓப்பன் ஹவுஸ்

கண்ணுக்கு லேசர் அடித்துக்கொண்டதற்கு யாராவது ஊரையே கூப்பிட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்து வைப்பார்களா? இராஜம்மா வைத்தாள்.

தீபாவளிக்கே முறுக்கை எண்ணித் தட்டில் வைக்கிற மகராசி அவள். இன்றைக்கு அவள் வீட்டு வாசலில் பந்தல், கோழி பிரியாணி, சிவப்பு சீராப் சர்பத், போதாததற்கு மைக் செட் வேறு. கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பே எட்டிப் பார்த்தது.

"பவுசைப் பாரு இந்த அக்காவுக்கு," என்றான் தம்பி வீரப்பன், காரை ஓரங்கட்டிக்கொண்டே. சொல்லி வாய் மூடவில்லை, காரின் இடப்பக்கம் பூந்தொட்டியில் போய் டமால் என்று மோதியது.

தொட்டியை நடுரோட்டில் வைத்தது யார் என்று அவன் எகிறினான். தொட்டி என்னவோ சுவரோரமாகத்தான் இருந்தது. அவன் மனைவி தாமரை தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

வீரப்பன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். இந்த வருஷம் கிடங்கு கேட்டில் லோரியின் இடப்பக்கத்தை இரண்டு தடவை உரசிவிட்டான். இன்னொரு தடவை உரசினால் சாவி வேறு ஆள் கைக்குப் போகும் என்று முதலாளி சொல்லியாயிற்று. கேட்டுதான் குறுகல் என்று இவன் சத்தியம் பண்ணுகிறான்.

போன மாதம் அக்கா போன் பண்ணியிருந்தாள். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறதாம், கிளாக்கோமாவாம். வலியே காட்டாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருமாம். கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம், எல்லோரும் காட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

செலாயாங் பாசாரில் காய்கறி வியாபாரம் பண்ணும் பெரியண்ணன் பழனியப்பன், வியாபார நேரம் என்றான். வீரப்பன் பேச்சை முடிக்கவிடாமல் போனை வைத்துவிட்டான். உள்ளே பயம். டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் லோரி போச்சு. லோரி போனால் அப்புறம் அவன் யார்? இதை அவன் தாமரையிடம்கூடச் சொன்னதில்லை.

பந்தலுக்குள் இராஜம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் லேசர் கதைதான். சொட்டு மருந்து விட்டார்கள், மெஷினில் தாடையை வைத்தேன், பச்சை வெளிச்சம் மினுக் மினுக்கென்று அடித்தது, கத்தியில்லை, தையலில்லை, எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

முதலில் வந்தவர்களுக்குப் பத்து நிமிஷமாக இருந்த லேசர், வீரப்பன் வரும்போது ஐந்தாகி, பக்கத்து வீட்டு ஆன்டிக்குச் சொல்லும்போது கண் சிமிட்டுகிற நேரமாகிவிட்டது. பக்கத்தில் லேப்டாப்போடு நின்ற கார்த்திகா என்கிற பெண்ணுக்கு அப்போது பார்த்து ஏனோ இருமல் வந்தது.

அந்தக் கார்த்திகாதான் கேம் நடத்த வந்தவளாம். கேம் ஆடாதவர்களுக்கு பிரியாணி இல்லை என்று மைக்கில் அறிவிப்பு. ஜெயிக்கிறவருக்கு ஆள் உயர ஹேம்பர் பரிசுக்கூடை.

இருட்டு அறையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையின் நடுவையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கே புள்ளி மின்னினாலும் பட்டனைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் கேம். பழனியப்பன் எல்லாப் புள்ளியையும் தட்டிவிட்ட குஷியில் ஆடிக்கொண்டே வெளியே வந்தான். பிரியாணி வாசத்தில் கிழவர்கள்கூட முண்டியடித்தார்கள்.

வீரப்பன் முறை வந்தது. நடுவையே முறைத்தான். புள்ளி ரொம்ப நேரம் வரவேயில்லை. பொறுமை போய், குத்துமதிப்பாகத் தட்டினான்.

"மெஷின் கெட்டுப்போச்சு லா," என்று வெளியே வந்தவனைப் பார்த்துப் பந்தலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இராஜம்மா மைக்கை எடுத்தாள். முதல் பரிசு வீரப்பனுக்கு என்றாள். பழனியப்பன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து, இது என்ன நியாயம் என்று கத்தினான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கையில் ஹேம்பர், ஒரு கையில் தம்பி, இரண்டையும் இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கார்த்திகாவும் தாமரையும் பின்னாலேயே வந்தார்கள்.

"அண்ணே, நான் பிரிக்பீல்ட்ஸ் கண் கிளினிக்ல வேலை செய்யறேன்," என்றாள் கார்த்திகா. "இடப்பக்கம் மின்னுன புள்ளி நிறைய உங்களுக்குத் தெரியவே இல்லை. இதை வெச்சு முடிவு சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டணும். போன பார்வை திரும்பாதுண்ணே, இருக்கறதைக் காப்பாத்தலாம்."

வீரப்பன் தாமரையைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள். கிடங்கு கேட்டு விஷயம் அக்கா காதுக்கு எப்படிப் போயிற்று என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

கோபம்தான் முதலில் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கிப் போனது. பந்தல், பிரியாணி, மைக் செட் எல்லாம் தன்னை அந்த இருட்டு அறையில் உட்காரவைக்கத்தானா? முறுக்கை எண்ணுகிற அக்காவா இது?

"லோரி போயிடுமேக்கா," என்றான்.

"கண்ணு போனா லோரியை என்னடா பண்ணுவ? திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கறோம். நானும் வரேன்."

வீரப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சின்ன வயசில் ஊசிக்குப் பயந்தபோது கேட்ட அதே குரலில் கேட்டான்.

"ஒருவேளை லேசர்னு சொல்லிட்டா... நெசமாவே வலிக்காதாக்கா?"

மத்தியானம் பூராவும் ஓயாமல் லேசர் கதை சொன்ன இராஜம்மா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்தினாள். கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினாள்.

"எனக்கு எப்படிடா தெரியும்? போன வாரம் அந்த மெஷினைப் பாத்ததுமே எந்திரிச்சு ஓடி வந்துட்டேன். திங்கக்கிழமைதான் மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க, நீ வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் உட்காருவேன்."